நாலு நிமிடப் பால்கனி

போன மாதம் மஸ்கட்டில் இருந்து அக்காள் மகன் கூப்பிட்டான். அடுத்த லீவில் அம்மையை மறுபடியும் கப்பலில் கூட்டிப் போகப் போகிறானாம். இந்தத் தடவை அவனும் பெண்டாட்டி பிள்ளையும் கூட. "மாமா, அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இருந்த ரூமுக்க நம்பர் என்ன? அம்மைக்கு அதே ரூமு கிடைச்சா கொள்ளாம்" என்றான்.

"மறந்து போச்சு மக்களே, பாத்துச் சொல்லுதேன்" என்றேன்.

எங்கள் அறையின் எண் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவன் கேட்டது வேறு அறை. அக்கா வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. பால்கனியில் நாற்காலி போட்டு அக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த பால்கனியைத்தான் அவன் கேட்கிறான். அது எங்களுடையது இல்லை. அதில் அக்கா உட்கார்ந்தது நாலு நிமிடம். மூன்று வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் திற்பரப்புக்காரன். அருவிக்குப் போகிற ரோட்டில் இருந்து பிரிகிற இடவழியில் வீடு, பின்னால் அறுபது சென்ட் ரப்பர். அக்கா வீடு நாலு வீடு தள்ளி. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அக்கா சின்ன வயசிலேயே அண்டி ஆபீசுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் முந்திரி உடைக்கிற இடத்துக்கு அதுதான் பேர். ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலி என்று நினைக்க வேண்டாம். தரையில் குந்தி இருந்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டு, வறுத்த கொட்டையைத் தட்டி உடைக்க வேண்டும். தோட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போகும், தோல் உரியும். அந்தக் கூலியில்தான் நான் பிளஸ் டூ வரை படித்தேன். அவளுடைய பெருவிரல் ரேகை தேய்ந்து, இன்றைக்கும் ரேஷன் கடை மெஷினில் கை வைத்தால் சட்டென்று பிடிக்காது.

அருவிக்கு மேலே தடுப்பணையில் மிதிபடகு விடுகிறார்கள். ஒரு லீவில் வந்த மகன் அக்காவை அதில் ஏற்றினான். ஐம்பதடி உயரத்தில் இருந்து விழப்போகிற கோதையாறு அங்கே சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டு பக்கமும் தென்னையும் ரப்பரும். கரையில் இறங்கியதும் அக்கா கேட்டாள்: "இந்த வெள்ளம் எல்லாம் தேங்காப்பட்டணத்துல கடல்ல போய்ச் சேருகுல்லா? அங்கேயிருந்து பொறவு எங்க போவும்? கரையே தெரியாம வெள்ளம் கிடந்தா பாக்க எப்பிடி இரிக்கும்?" கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போட்டில் போயிருக்கிறாள். ஆனால் அங்கே திரும்பிப் பார்த்தால் கரை தெரியும், தூரத்தில் மலையும் தெரியும். மகன் அந்தக் கேள்வியை மனசில் குறித்து வைத்துக்கொண்டான்.

2022 ஜூனில் சென்னையில் இருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டது. முதலமைச்சர் கொடி அசைத்ததை டிவியில் காட்டினார்கள். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்'. நடுக்கடல் வரை போய்விட்டு இரண்டு ராத்திரியில் திரும்பி வருகிற பயணமும் அதில் இருந்தது. அக்காள் மகன் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் அனுப்பினான். "ஆன்லைன்ல நான் போட்டா ஆதார்ல உள்ள பேரும் எழுத்தும் தப்பும் மாமா, நீங்க மார்த்தாண்டத்துல ஏதாவது ஏஜென்சில போட்டுருங்க. பால்கனி ரூமாக்கும், பாத்துக்கிடுங்க. அம்மைக்கு முட்டு வலி. மேல ஏறி எறங்கி கூட்டத்துல நிக்க முடியாது. கட்டில்ல இருந்து எந்திரிச்சா கடல் தெரியணும்." இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தான். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏஜென்சியில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஜன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை, அதற்கும் மேலே சூட். உள்ளறைக்கும் பால்கனிக்கும் இரண்டு பேருக்குச் சேர்த்து 38,000 ரூபாய் வித்தியாசம். "எது சார் போடட்டு?" என்று கேட்டாள். வாயில் வந்தது, "உள்ள உள்ளதே போடும்மா." "ஜன்னல் கிடையாது கேட்டேளா, பரவாயில்லியா?" "ரெண்டு ராத்திரிதான" என்றேன். அந்த அறையில் படுக்கப் போவது நான் மட்டும் என்பதுபோல.

காரணம் சொல்லலாம். 2011-ல் கிலோ 240 ரூபாய் தொட்ட ரப்பர் ஷீட், 2016-ல் நூறுக்குக் கீழே போனது. அதில் விழுந்த ஆட்கள் எங்கள் ஊரில் இன்னும் முழுசாக எழவில்லை. எனக்கும் சிட்டியில், அதாவது சீட்டில், மூன்று தவணை பாக்கி. 38,000-த்தில் 25,000 சிட்டிக்குப் போனது. இதோடு நிறுத்திக்கொண்டால் வாசிக்கிறவருக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். மீதி 13,000-த்தில் எனக்கு ஒரு செல்போன் வாங்கினேன். நல்ல கேமரா உள்ள போன். பழைய போனுக்கு ஒரு கேடும் இல்லை.

ஆகஸ்டில் குழித்துறையில் இருந்து அனந்தபுரி எக்ஸ்பிரசில் ஏறினோம். எழும்பூரில் இறங்கித் துறைமுகத்துக்கு ஆட்டோ. அக்கா ரயிலிலேயே கேட்டுவிட்டாள்: "அங்க கை வைக்கச் சொல்லுவாளாலே?" மெஷினில் விரல் பிடிக்காமல், கப்பல் தன்னை ஏற்றாமல் போய்விடுமோ என்று பயம். கொரோனா ஊசிச் சான்றிதழ், ஆதார், டிக்கெட் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்தோம். ஒவ்வொரு மேசையிலும் அவள் பெருவிரலைச் சேலையில் துடைத்து ரெடியாக வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. கடைசி மேசையில் ஒரு பையன் சின்ன கேமராவைக் காட்டி, "இதப் பாருங்கம்மா" என்றான். முகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு அட்டை தந்தான். கப்பலுக்குள் கதவு திறக்கவும், ஏதாவது வாங்கினால் கணக்கு எழுதவும் அந்த அட்டைதான். வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் அதை நீட்ட வேண்டும். அக்கா அதைத் தாலிச்செயினோடு கோர்த்துப் போட்டுக்கொண்டாள்.

பையை முன்னாடியே வாங்கி, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். அது அவளுக்குப் பெரிய விசாரமாகிவிட்டது. முட்டுக்குத் தேய்க்கிற எண்ணெயும் மாத்திரையும் அதில் இருந்தன. எக்ஸ்ரேயில் போட்டபோது அடியில் ஒரு பிச்சாத்தி தெரிந்தது. பழம் நறுக்க எடுத்து வந்திருக்கிறாள். காவலர் அதை வாங்கி வைத்து, இறங்கும்போது தருவோம் என்று சீட்டு எழுதித் தந்தார். "எனக்க பிச்சாத்திய அவன் பத்திரமா வச்சிருப்பானா?" என்று இரண்டு நாளும் இடைக்கிடை கேட்டாள். இறங்கும்போது பத்திரமாகத்தான் தந்தார்கள். அந்தக் கப்பலில் எங்களிடம் வாக்கு மாறியவன் நான் ஒருவன்தான்.

முனையத்தைத் தாண்டி வெளியே வந்தால் கண்ணை மறைத்து வெள்ளையாக நிற்கிறது. "இது கெட்டிடம்லா, கப்பல் எங்க?" என்றாள் அக்கா. 211 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1990-ல் பிரான்சில் கட்டி, 'நோர்டிக் எம்பிரஸ்' என்று பேர் வைத்து, அமெரிக்கப் பக்கத்துக் கடல்களில் ஓட்டிய கப்பல். பிறகு பேர் மாறி, கை மாறி, நம்மூருக்கு வந்தது. எனக்கு அதைச் சொன்னது ஏஜென்சிப் பெண். நான் அக்காவிடம், "உனக்க மவனும் இதும் ஒரே வருசம் பொறந்ததாக்கும்" என்றேன். அவள் கப்பலின் பக்கவாட்டை ஒருதரம் தடவிக் கொடுப்பதுபோல கையை நீட்டிவிட்டுச் சாய்வுப் பாலத்தில் ஏறினாள். மேலே பார்த்தால் வரிசை வரிசையாக பால்கனிகள். ஒவ்வொன்றிலும் ஆட்கள் நின்று கை அசைக்கிறார்கள். "நம்மக்கதும் இதுல ஒண்ணு, இல்லியா?" என்றாள். பின்னால் ஆட்கள் தள்ளினார்கள். "நட அக்கா, நட" என்றேன்.

லிப்டில் இறங்கி நடந்தால் நடைபாதை முடியவே மாட்டேன் என்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். "சிவாலய ஓட்டம் போலல்லா இரிக்கு, அடுத்த கோயில் எப்பம் வரும்?" என்றாள். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு கோயில் ஓடுகிறவர்களுக்கு எங்கள் ஊர் மகாதேவர் மூன்றாவது. அந்தக் கதவுகளை எண்ணினால் பன்னிரண்டு எப்போதோ தாண்டியிருக்கும். எங்கள் அறை வந்தது. அட்டையைச் செருகியதும் விளக்கு எரிந்தது. இரண்டு கட்டில், ஒரு மேசை, சுவரில் பெரிய கண்ணாடி, அலமாரியில் இரண்டு உயிர்காக்கும் சட்டை. குளியலறைக்குள் போக ஒரு படியைத் தாண்ட வேண்டும். கக்கூசில் பொத்தானை அழுத்தினால் யாரோ தொண்டையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு சத்தம், அக்கா அலறிக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாம் துப்புரவாக, வெள்ளை விரிப்பு விரித்து, நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் மட்டும் இல்லை. என் ரப்பர் ஷீட் புகைக்கிற புரையைக் கொஞ்சம் அகலப்படுத்தி ஏசி போட்டால் அப்படித்தான் இருக்கும்.

அக்கா முதலில் கண்ணாடிக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தாள். "வெளிய பாக்கதுக்கு எங்க?"

"கப்பல்ல ரூமு எல்லாம் இப்பிடித்தான்க்கா. வெள்ளம் உள்ள ஏறாம இருக்க அடைச்சு வச்சிருப்பான். நடுவுல உள்ள ரூமுன்னா ஆட்டமும் கம்மி."

கடைசியாகச் சொன்னது உண்மை. நடுவில், தாழ்ந்த தட்டில் இருக்கிற அறைக்கு அலை ஆட்டம் குறைவு. உண்மையில் கொஞ்சம் கலந்தால்தான் பொய்க்குக் கெட்டி வரும் என்பது ரப்பர் வியாபாரத்தில் படித்தது.

கீழே நின்று பால்கனிகளைப் பார்த்தவள் இதை நம்பினாளா? எனக்கு இன்றுவரை தெரியாது. "ஓகோ" என்றாள். உயிர்காக்கும் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்து, அதோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஏழு தடவை குட்டையாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஊதினார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று சொல்லித் தருவது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கான்கோர்டியா' கப்பல் பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் செத்தார்கள். அன்று ஏறியவர்களில் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. 2015-ல் இருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். அக்கா மிகவும் கவனமாகக் கேட்டாள். இந்தி, இங்கிலீஷ் இரண்டும் அவளுக்குத் தெரியாது. கையைக் காட்டிய திசையை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

முதல் ராத்திரி. விளக்கை அணைத்தால் உள்ளறையின் இருட்டு நம்முடைய இருட்டு போல இல்லை. ஊரில் கரண்டு போனாலும் ஓட்டு இடுக்கில் ஒரு வெளுப்பு இருக்கும். இங்கே கையை மூக்குக்கு முன்னால் நீட்டினால் தெரியாது. "மணி என்னலே?" என்றாள். "ரெண்டு." கொஞ்ச நேரம் கழித்து, "மணி என்னலே?" "மூணேகால்." வாழ்க்கை முழுவதும் கோழி கூவுமுன் எழுந்தவளுக்கு விடிந்ததா என்று தெரிந்துகொள்ள என்னைக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு அவளே எழுந்து குளியலறை விளக்கைப் போட்டு, கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தாள். தரையில் ஒரு கோடாக வெளிச்சம் விழுந்தது. அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குற்றவாளிகள் சட்டப் புத்தகம் படிப்பார்கள் என்பார்கள். நான் ஊருக்குத் திரும்பியபின் கப்பல் அறைகளைப் பற்றி நிறையப் படித்தேன். எல்லா அறையும் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி 1984-லேயே 'ராயல் பிரின்சஸ்' என்று ஒரு கப்பல் கட்டியிருக்கிறார்கள். 2011-ல் டிஸ்னிக்காரர்கள் உள்ளறைச் சுவரில் வட்டமாக ஒரு திரை வைத்து, வெளியே கேமரா காட்டுகிற கடலை அப்போதைக்கப்போதே அதில் ஓடவிட்டார்கள். என் பொய்யைவிட மரியாதையான ஏற்பாடு. இன்னொன்றும் தோன்றியது. 1926-ல் கட்டிய 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் டெக் டிக்கெட்டில் பாய் விரித்துப் போனார்கள். வெயிலும் மழையும் தலையில்தான், ஆனால் கடலும் அவர்களுக்குத்தான். இங்கே குறைந்த காசு கொடுத்தவனுக்குக் கடல் தெரியாது. இதையெல்லாம் படித்து என்ன ஆகிறது. அக்காவுக்கு வந்த காசு குறைந்த காசா என்ன?

மறுநாள் காலையில் மேல் தட்டுக்குக் கூட்டிப் போனேன். கூட்டம், பாட்டுச் சத்தம், நனைந்த தரை. உட்கார இடமில்லை. அவளுக்கு முட்டு நடுங்கியது. ஆட்களின் முதுகுக்கு இடையில் நீலமாக ஒரு கீற்றுத் தெரிந்தது. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம். அக்காள் மகன் சொன்னது அத்தனையும் அப்படியே நடந்தது.

அவன் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தான். பால்கனியில் அம்மையை இருத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். நடுக்கடலில் சிக்னல் கிடையாது, அதனால் கரை தொடும் வரை எனக்கு நேரம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு மதுரைக் குடும்பம் பழக்கமாகியிருந்தது. பால்கனி அறை. அந்த மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க அக்காவுக்கு உள்ள மூச்சு முட்டுதுங்க, ரெண்டு நிமிசம் உங்க பால்கனில காத்து வாங்கட்டுமா?" என்றேன். அவர் மனைவி பதறிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மூச்சு முட்டுகிறதா என்று அவர் கேட்க, அக்கா ஒன்றும் புரியாமல் சிரித்தாள்.

கம்பியில் சிவப்புக்கரை போட்ட துண்டு ஒன்று காயப்போட்டிருந்தது. அக்கா அதை ஒதுக்காமல், அதற்கு மேலாகப் பார்த்தாள். வலது பக்கம் கோடி வரை பார்த்தாள், இடது பக்கம் கோடி வரை பார்த்தாள். "கரை இல்ல" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. கறுத்த விரல்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பார்வையை எடுக்காமல் இருந்தாள். நான் புதுப் போனில் எடுத்துத் தள்ளினேன். முதல் படம் 11.42, கடைசிப் படம் 11.46. போனில் இன்னும் இருக்கிறது, அதனால் நாலு நிமிடம் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. "போதும்க்கா, எந்திரி" என்றேன். மதுரை அம்மாள், "இருக்கட்டுமே, எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் அக்காவிடம் இன்னும் ரெண்டு வார்த்தை பேசினால் குட்டு உடையும் என்று எனக்குப் பயம். எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

நடைபாதையில் அக்கா கேட்டாள், "அது அவியளுக்க ரூமா?"

"இல்லக்கா. அங்கங்க இப்பிடி எடம் உண்டு. துட்டு குடுத்தா கொஞ்ச நேரம் இரிக்கலாம்."

நின்றுவிட்டாள். "எவ்வளவு குடுத்த?"

"அது இரிக்கட்டு."

"அவன் அங்க வெயில்ல நின்னு சம்பாரிச்ச காசு. இனி வேண்டாம்லே. கண்டாச்சி, போதும்" என்றாள்.

அதற்குப் பிறகு கப்பல் சென்னைக்கு வந்து சேரும் வரை, கடலைப் பார்க்கணும் என்று அவள் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. சாப்பிடப் போவாள், வருவாள், அந்த வெளிச்சக் கோட்டுப் பக்கம் திரும்பிப் படுப்பாள்.

38,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தக் கடைசிப் பொய்க்கு எனக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்த நிமிடத்தில் வாயில் வந்தது, அவ்வளவுதான். அது அவளிடம் இருந்து கடைசி ஒரு பகலைப் பிடுங்கிக்கொண்டது.

சென்னை நெருங்கி சிக்னல் வந்ததும் போட்டோவை அனுப்பினேன். அடுத்த லீவில் வந்தபோது அவன் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி அடைத்து, டிவிக்கு மேலே மாட்டினான். "அந்தத் துண்டு யாருக்கு மாமா? நம்ம வீட்டுல இப்பிடி ஒண்ணு கிடையாதே" என்றான். "கப்பல்காரன் தந்ததுலே" என்றேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா போட்டோவைக் காட்டி, "ரூமு கீழ, நல்ல தணுப்பு, உறக்கம் எல்லாம் சுகமாக்கும்" என்பாள். சுகமான உறக்கம் என்று அவள் வாயால் வந்ததை நான் ரொம்ப நாள் சர்டிபிகேட் போல வைத்துக்கொண்டிருந்தேன். மகனிடம் அவள் அறையைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் இன்னும் ரூம் நம்பர் கேட்கிறான் என்றால், ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

நேற்றுச் சாயந்திரம் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும், இவ்வளவு நீளம் வாசிக்க மாட்டாள். முதல் தாளை விட்டுவிட்டு நான் வாசித்துக் காட்டினேன். அண்டி ஆபீஸ் வரும் இடத்தில், "இதெல்லாம் எதுக்கு எழுதுக?" என்றாள். மார்த்தாண்டத்து ஏஜென்சியைப் பற்றி எழுதிய தாளை அடியில் தள்ளிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டேன். பிச்சாத்தி வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கெட்டிடம், கப்பல் எங்கே என்று கேட்டது தான்தான் என்று பேத்தியிடம் வீடியோ காலில் சொல்லவேண்டும் என்றாள். சாய்வுப் பாலத்தில் ஏறும் இடம் வந்ததும் தாளை மடக்கினேன்.

"பொறவு?" என்றாள். "ரூமுக்குள்ள போனோமே, அத எழுதல்லியா?"

டிவிக்கு மேலே அந்தச் சிவப்புக்கரைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சத் தாள்கள் என் கையில்தான் இருந்தன.

"இன்னும் எழுதல்லக்கா" என்றேன்.